மின்சாரக் கிற்றாருக்குப் பிக்கப் தெரிதல்



‘பிக்கப்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒருகொடவத்தையிற் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சாமான் ஏற்றும் சிறு வாகனமே நினைவுக்கு வரும். துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறிகள் இரவும் பகலும் வந்து திரும்பும் இடம் அது. பேஸ்லைன் வீதியிலே அந்தச் சந்தியைக் கடந்து செல்பவருக்கு வாகனத்தைத் தவிர வேறொன்றை எண்ணுவது கடினந்தான். நான் இன்று பேச வந்திருப்பதோ வேறொரு பிக்கப்பைப் பற்றி. மின்சாரக் கிற்றாரின் கம்பிகளுக்குக் கீழே, நெருப்புப்பெட்டியிலும் சற்றுப் பெரிதாக, காந்தமும் செப்புக் கம்பிச் சுருளுமாக அமைந்திருக்கும் ஒரு சிறு கருவிக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது.

இதனைப் பற்றிப் பேச நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். ஒருகொடவத்தையில், வீதியோரத்து வாடகை வீடொன்றில் வசிக்கும் இளைஞர் ஒருவர் ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தார். கொள்கலன் களமொன்றிற் கணக்கெழுதும் வேலை அவருக்கு. தோளில் ஏழு கம்பிக் கிற்றார் ஒன்று. சட்டைப் பையில் ஐந்து மாதச் சேமிப்பு. “மாஸ்ரர், ஆகக் கூடிய வலு உள்ள பிக்கப் எது? அதன் பெயரை மட்டும் எழுதித் தாருங்கள்” என்றார். முன்னொரு முறை, விளம்பரம் ஒன்றை நம்பி வலு மிகுந்தது என்று கூறப்பட்ட ஒரு பிக்கப்பை வாங்கிப் பொருத்தியிருந்தாராம். அது வந்தபின் வாசிப்பதெல்லாம் சேறாகிவிட்டது என்றும், குழுவிலுள்ள நண்பர்கள் முகஞ்சுளிக்கிறார்கள் என்றும், இன்னும் ஒரு மாதத்தில் நிலைமை திருந்தாவிட்டால் வேறொருவரைச் சேர்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்றும் சொன்னார்.

இத்தகைய பொருளைக் கடையிலே வைத்து வாசித்துப் பார்த்து வாங்கும் வசதி நம் நாட்டிற் பெரும்பாலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்த பின், பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவதும் எளிதன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நூறு டொலர்ப் பிக்கப் ஒன்றின் விலை சில மாதங்களுக்குள் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. கூலியும் தீர்வையும் வேறு. ஆகவே பெயரை எழுதிக் கொடுத்து அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. “தம்பி, முதலில் இருக்கிறதைக் கேட்போம்” என்றேன்.

நம்மவர்க்குக் கிற்றார் புதிதன்று. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாடல்கள் வானொலியில் ஒலித்த காலந்தொட்டே அது தமிழ்ப் பாட்டுடன் பழகிய வாத்தியம். இந்த இளைஞர் வாசிப்பது அவ்வகையன்று. மெற்றல் என்னும் இசை. கொழும்பிலே இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்ரிக்மாற்றா என்ற கொழும்புக் குழு 2003 இல் தன் முதல் இசைத்தட்டையும் 2015 இல் நான்காவதையும் வெளியிட்டது. மெற்றலில் ‘புறொகிறெசிவ்’ எனப்படும் கிளை, நாலும் எட்டுமாகச் செல்லும் எளிய தாளத்தோடு அமைவதில்லை. அமெரிக்காவிற் பொஸ்ரன் நகரத்து இசைக் கல்லூரி மாணவர்கள் 1985 இல் தொடங்கிய ட்றீம் தியேற்றர் என்னும் குழுவும், சுவீடன் நாட்டு மெஷுகா குழுவும் இக்கிளையிற் பெயர் பெற்றவை. ஐந்து, ஏழு, பதினொன்று என்று எண்ணிக்கை மாறி மாறி வரும். இடையே மென்மையான தனிவாசிப்பும் வரும்.

வெள்ளவத்தையில் அரங்கேற்றம் பார்க்கப் போகும் நேயருக்கு இதனை விளக்குதல் எளிது. மிருதங்கக்காரர் மிச்ர சாபுவில் ‘தகிட தகதிமி’ என்று ஏழாக வாசிக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்டாலன்றோ நாம் தலையசைக்கிறோம்? சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கணக்குச் சரியாயிருந்தும் பயனில்லை. மெற்றல் வாசிப்பவர் வலக்கையின் அடியைக் குதிரைக்கருகே கம்பிகளின் மேல் அழுத்தி, அவற்றை அடக்கியடக்கித் தட்டுவதும் ஒருவகைச் சொற்கட்டே. அதிலே ஏழும் ஏழாகக் கேட்கவேண்டும். பிக்கப் தெரிவதில் நாம் தேடவேண்டியது இந்தத் தெளிவையே. சத்தத்தைத் தருவதற்கு ஒலிபெருக்கி இருக்கிறது.

இனி, அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். காந்தப் புலம் மாறும்போது அருகிலுள்ள சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1831 இற் காட்டினார். கிற்றாரின் உருக்குக் கம்பி, கீழேயுள்ள காந்தத்தால் தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது; அந்த அசைவே மின்னோட்டமாகி வடத்தின் வழியே ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. காற்றிலே எழும் ஒலியைப் பிக்கப் கேட்பதில்லை. கம்பியின் அசைவையே கேட்கிறது. பித்தளைக் கம்பி இதற்கு அகப்படாது. நம் வீணையிற் பித்தளைக் கம்பியும் இருப்பதால், அதன் உடலில் ஒட்டும் தொடு ஒலிவாங்கியே அதற்குப் பெரிதும் பயன்படுகிறது. கிற்றாருக்கு இந்தக் காந்த முறையை முதலிற் செய்து வெற்றி கண்டவர்களுள் ஜோர்ஜ் பீச்சம் என்னும் அமெரிக்கர் குறிப்பிடத்தக்கவர். ஹவாயன் கிற்றாருக்காக 1930களின் தொடக்கத்தில் அவர் ஆக்கிய பிக்கப்புக்கு 1937 இல் உரிமைப் பத்திரம் கிடைத்தது.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. கம்பியின் அசைவை மட்டுமன்றி, சுவரிலுள்ள மின்வடம், மின்குமிழ், மின்மாற்றி ஆகியவற்றிலிருந்து வரும் காந்தப் புலத்தையும் அது வாங்கிக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. செக்கனுக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவது. அதனால் எழும் இரைச்சல் செக்கனுக்கு 50 அதிர்வும் அதன் மடங்குகளுமாக வரும். ஏழு கம்பிக் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த கம்பி செக்கனுக்கு ஏறக்குறைய 62 அதிர்வு; எட்டாவது கம்பியும் இருந்தால் அது 46. இரைச்சல், வாசிப்பின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அக்கம்பக்கத்திற் பற்றவைப்பு வேலை நடக்கும் பட்டறைகளும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒலியை ஆயிரம் மடங்கு பெருக்கும் மெற்றல் வாசிப்பில் இந்த இரைச்சலும் அதே அளவாற் பெருகும்.

இதற்கு மருந்து கண்டவர் கிப்சன் நிறுவனத்தின் பொறியியலாளர் செத் லவர். 1955 இல் உரிமைப் பத்திரத்திற்கு விண்ணப்பித்த அவருடைய அமைப்பில் இரண்டு சுருள்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றுக்கு வடமுனை மேலே, மற்றதற்குத் தென்முனை மேலே. மின்சாரம் செல்லும் திசையும் எதிர். கம்பியின் அசைவு இரண்டிலும் ஒத்துக் கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கி, ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இரைச்சலை அடக்குவது என்ற பொருளில் இதனை ‘ஹம்பக்கர்’ என்கிறார்கள். மெற்றல் வாசிப்பவர் இவ்வகையை விட்டு வேறு தேடவேண்டியதில்லை என்பது என் துணிபு. ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற தொனி மென்மையான பகுதிகளுக்கு வேண்டுமானால், நான்கு உட்கம்பிகள் வெளியே வரும் ஹம்பக்கரை வாங்கி, ஒரு சுருளை மட்டும் பேசவைக்கும் ஆளி ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு வரையிற் பெரும்பாலோர் உடன்படுவார்கள். கருத்து மாறுபடுவது வலுவைப் பற்றியே. மின்தடை இத்தனை கிலோ ஓம் என்று விளம்பரங்களிற் போடுகிறார்கள்; எண் பெரிதாயிருந்தால் வலுவும் பெரிது என்று வாங்குபவர் எண்ணுகிறார். சுற்றுகள் கூடினால் தடையும் கூடும் என்பது மெய்யே. ஆனால் சுற்றைக் கூட்டாமல் கம்பியை மெல்லிதாக்கினாலும் தடை கூடும். வழக்கமான 42 ஆம் இலக்கக் கம்பி 0.063 மில்லிமீற்றர் தடிப்பு; 43 ஆம் இலக்கம் 0.056 மில்லிமீற்றர். இரண்டும் மயிரிழையை ஒத்தவை. பின்னதாற் சுற்றினால், சுற்றுகள் அதே எண்ணிக்கையாயிருந்தும் தடை கால் பங்கு கூடித் தெரியும். இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குதல், நெல் மூடையைச் சாக்கின் நிறையோடு நிறுப்பது போன்றது.

உற்றுப் பார்க்கவேண்டிய எண் வேறொன்று உண்டு, அது தூண்டற்றிறன். ஹென்றி என்ற அலகில் அதனைச் சொல்வார்கள். சுருளின் தூண்டற்றிறனும் வடத்தின் கொள்ளளவமும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட மீடிறனை, அதாவது செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்ற ஓரிடத்தை, உயர்த்திக் காட்டும். அதற்கு மேலுள்ள தொனிகள் விரைவாகத் தேய்ந்துபோகும். வடம் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 100 பைக்கோபரட் என்று கொள்வோம். ஆறு மீற்றர் வடத்துடன் 4 ஹென்றிப் பிக்கப்பின் உச்சம் 3,200 அதிர்வளவில் நிற்கும். 8 ஹென்றியாயின் 2,300 க்கு இறங்கும். அதே 8 ஹென்றிக்கு 10 மீற்றர் வடத்தை மாட்டினால் 1,800. வில்லை கம்பியிற் படும் அந்த ‘டக்’ என்ற தொடக்க ஒலி பெரும்பாலும் 2,000 க்கு மேலேதான் வாழ்கிறது. சொற்கட்டைப் பிரித்துக் காட்டுவதும் அதுவே. வலுவுக்காகச் சுற்றைக் கூட்டக் கூட்ட, அந்த மெய்யெழுத்துகளை இழந்து உயிரெழுத்தை மட்டும் பெறுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. என் எண்ணத்தில் அதுவே பெரிது. மெற்றலின் கரகரப்பு எவ்வாறு வருகிறது? ஒலியலையின் உச்சியை ஒலிபெருக்கி வேண்டுமென்றே வெட்டிவிடுகிறது. இரண்டு சுரங்கள் சேர்ந்து அந்த வெட்டுக்குள் நுழைந்தால், அவற்றின் கூட்டுத்தொகையும் வித்தியாசமுமான புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. நுழைவதிலே தாழ்ந்த தொனி மிகுந்திருந்தால், பிறப்பவையும் தாழ்ந்த பகுதியிற் குவிந்து கலங்கிவிடும். வெட்டிய பின் என்ன திருகினாலும் அது தெளியாது; வெட்டுவதற்கு முன்பே அளவு காக்கவேண்டும். ‘ரியூப் ஸ்கிறீமர்’ போன்ற பெட்டியை முன்னே வைத்து வாசிப்பவர்கள் பலர், அதன் கரகரப்பைத் தேடுவதிலும் அது கீழ்த்தொனியை ஒடுக்குவதையே விரும்புகிறார்கள். கம்பியைத் தாழச் சுருதி சேர்க்கும் புறொகிறெசிவ் வாசிப்புக்கு, அடித்தொனி இறுக்கமாயும் நடுத்தொனி எடுப்பாயும் உள்ள மிதமான பிக்கப்பே பொருந்தும்.

காந்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ற்று ஆகியன இரும்புடன் கலந்த அல்னிக்கோ ஒருவகை. பெரைற்று என்னும் மண்பாண்டக் காந்தம் மற்றொன்று. பின்னதற்கு இறுக்கமும் முனைப்பும் உண்டு என்றும், அல்னிக்கோ ஐந்தாம் வகை சற்று உருண்ட தொனி தரும் என்றும் சொல்வது பொதுவிற் சரியே. ஆயினும் காந்தம் ஓர் உறுப்பு மட்டுமே. பெரைற்றைக் கொண்டு சேறும் செய்யலாம், தெளிவும் செய்யலாம்.

‘அக்ரிவ்’ என்னும் வகையில் உள்ளேயே சிறு பெருக்கி ஒன்று இருக்கும். 1976 இல் தொடங்கிய ஈ.எம்.ஜி. நிறுவனம் இதனால் மெற்றல் உலகிற் புகழ் பெற்றது. சுருளிற் சுற்று குறைவு. பெருக்கி அதனை ஈடுசெய்கிறது. வடம் நீண்டாலும் மேற்றொனி தேயாது. இரைச்சலும் மிகக் குறைவு. பழைய வீட்டு மின்னமைப்போடு போராடுபவருக்கு இது பெரிய வரம். ஆனால் 9 வோல்ற்று மின்கலம் வேண்டும். வடத்தைச் செருகியிருக்கும்வரை மின்கலம் கரையும் என்பதால், வாசித்து முடிந்ததும் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டும். சாதாரண ஹம்பக்கருக்கு உரிய 500 கிலோ ஓம் திருகிகளை விட்டு, 25 கிலோ ஓம் திருகிகளையும் பொருத்தவேண்டும். இந்தச் செலவைக் கடைக்காரர் முதலிற் சொல்வதில்லை. விரற்பதத்திற்கு ஏற்ப ஒலி நுணுக்கமாக மாறுவது இவ்வகையிற் சற்றுக் குறைவு என்பது என் செவிக்குப் பட்டது. மறுப்பவர்களும் உண்டு; அவர்கள் செவி அவர்களுக்கு.

நமது இளைஞரிடம் திரும்புவோம். அவருடைய வீட்டுக்கே சென்றேன். ஒலிபெருக்கியின் செருகியைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். இரைச்சல் குறைகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதன் புவித்தொடுப்புக் கம்பியை வெட்டிவிட்டிருந்தார். நேயர்களே, இதனைச் சற்று அழுத்திச் சொல்ல அனுமதியுங்கள். கிற்றாரின் கம்பிகள் வடத்தின் வழியே ஒலிபெருக்கியின் உலோக உடலோடு இணைந்தவை. உள்ளே ஒரு பழுது நேர்ந்து மின்சாரம் அந்த உடலுக்கு வந்தால், புவித்தொடுப்பு இல்லாத நிலையில் அது வாசிப்பவரின் விரல்கள் வழியேதான் நிலத்துக்கு இறங்கும். மழைக்காலத்து ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் கதி என்னவாகும்? அன்று வேறு எதையும் தொடாமல், முதலிற் செருகியை மாற்றினோம். மின்பலகையில் ட்றிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்தியும் பார்த்தோம். இரைச்சலுக்கு உண்மைக் காரணம் கிற்றாருக்குள் பற்றாசு விட்டுப்போயிருந்த ஒரு கம்பி. ஐந்து நிமிட வேலை.

பின்பு பத்து மீற்றர் வடத்தை எடுத்துவிட்டு நான்கு மீற்றர் வடத்தைப் போட்டோம். பிக்கப் கம்பிகளை முட்டுமளவு உயர்த்தப்பட்டிருந்தது. கடைசிக் கட்டையில் விரலை வைத்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே இரண்டரை மில்லிமீற்றர் வரும்படி தாழ்த்தினோம். தாழ்ந்த கம்பிப் பக்கம் இன்னும் அரை மில்லிமீற்றர் கூடுதலாக. இதற்கு ஒரு திருப்புளி போதும். ஒரு சதமும் செலவில்லை. சேற்றிற் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. மீதிப் பாதி வடியவில்லை. மானியால் அளந்தபோது 16 கிலோ ஓமுக்கு மேலே காட்டியது. மென்மையான பகுதியிலும் சுரங்கள் தடித்தே கேட்டன. குற்றத்தில் ஒரு பங்கு பிக்கப்புக்கும் உண்டு என்பது தெளிவாயிற்று.

புதியதைத் தெரிவதற்கு இரண்டு மாலைகள் செலவிட்டோம். குதிரைப் பக்கத்துக்கு மட்டும் ஒன்று போதும் என்று தீர்மானித்தோம். கரகரத்த தாள வாசிப்பெல்லாம் அங்கிருந்தே எடுக்கப்படுகிறது. அங்கே கம்பியின் வீச்சம் சிறிது, மேற்றொனிகள் மிகுதி. கழுத்துப் பக்கத்தில் இருந்தது குறை சொல்லும்படி இல்லை. ஏழு கம்பிகளுக்கும் காந்தமுனைகள் நேராக அமையும் அகலம்; சுருள் மெழுகில் தோய்த்து இறுக்கப்பட்டிருத்தல் (இல்லையேல் உரத்த ஒலியிற் சுருளே நடுங்கிக் கீச்சிடும்); நான்கு உட்கம்பிகள்; மிதமான சுற்று; இவ்வளவுதான் நாங்கள் கேட்டவை. பெரிய இசைஞர் ஒருவரின் பெயர் பொறித்த பிக்கப்பின் மேலும் அவருக்கு ஆசை இருந்தது. ட்றீம் தியேற்றரின் ஜோன் பெற்றூச்சிக்காக டிமார்சியோ நிறுவனம் செய்தவை போன்றவை நல்ல வேலைப்பாடு உடையவைதாம். ஆனால் அவை அவருடைய கைக்கும் அவருடைய ஒலிபெருக்கிக்கும் ஏற்ப இழைக்கப்பட்டவை. பெயரில்லாத மிதமான ஒன்று கால்வாசி விலை குறைந்தது. அதனையே தெரிந்தோம்.

ஆறு கிழமை கழித்துப் பொதி வந்தது. அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார், குரலிற் கலக்கம். “மாஸ்ரர், கடதாசியில் 10.6 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறார்கள். என் மானி 11 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களோ?” என்றார். செப்பின் தடை வெப்பநிலை ஒரு பாகை ஏறுவதற்கு நூற்றுக்கு 0.4 அளவாற் கூடும். குளிர்நாட்டிலே 20 பாகையில் அளந்த பொருள், 30 பாகையில் வேகும் ஒருகொடவத்தை வீட்டறையில் 11 காட்டாமல் வேறென்ன காட்டும்? அதனைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

பொருத்திய மறுநாள், ஏழு எண்ணிக்கைத் துண்டொன்றை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசலிலே லொறி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதற்கு ஊடாகவும் ஏழையும் எண்ண முடிந்தது. கழற்றிய பழைய பிக்கப்பை அவர் வீசிவிடவில்லை. கொட்டாஞ்சேனையிலுள்ள நண்பர் ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார். அந்த நண்பர் வாசிப்பது, ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது ஓயும்வரை காத்திருக்கும் மிக மெதுவான மெற்றல் வகை. அங்கே அந்தத் தடித்த ஒலி நன்றாகவே பொருந்துகிறதாம்.